தேன்மொழியின் முதல் பரிசு

வளப்பூர் நாட்டு மிளகைத் தட்டிப் போட்டால்தான் எங்கள் வீட்டில் ரசம் இறங்கும். நல்ல காரம், இன்ஸ்பெக்டர். பங்குனியில் கிடைத்த பை இன்னும் பாதி இருக்கிறது.

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துவதைவிட, மாணவர்களை ஆராய்ச்சியில் இழுத்துவிடுவதுதான் எனக்குப் பைத்தியம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதோடு சரி. தேன்மொழி அப்படியில்லை. கொல்லிமலையிலேயே பிறந்த பெண். மலையில் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று பார்க்கப்போவதாகச் சொன்னாள். பூரித்துப்போனேன். மாநில அளவில் மாணவர் ஆராய்ச்சிக்கு ஒரு பரிசு உண்டு. எங்கள் கல்லூரி அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை.

அன்றைக்கு நான் செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வளப்பூரிலிருந்து தேன்மொழி போன் செய்தாள்.

"சார், பொன்னாயி அக்காளுக்கு பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்குதுங்க. தலைவலிங்கறாங்க, கண்ணு மங்குதாம். நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏத்தி உட்டுட்டேனுங்க."

நல்ல காரியம் செய்தாய் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் பாருங்கள், அங்கே மருந்து கொடுத்துவிட்டால் பொன்னாயியின் அளவுகள் ஆராய்ச்சிக்கு உதவாது. ஏற்கெனவே சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள். இவளும் போனால் பரிசு கைநழுவிவிடும். எட்டாம் மாதம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. கடைசி அளவை எடுத்துவிட்டால் தாராளமாகப் போகட்டும்.

பஸ் செம்மேட்டில் நின்றது. கண்டக்டர் உங்களிடம் சொன்னது சரிதான். அவளை இறங்கச் சொன்னது நான்தான்.

"ஏனுங்க டாக்டரு, நெசமா ஒண்ணுமில்லீங்களா?"

"வெயிலும்மா. ஊட்டுக்குப் போய்ப் படு."

அடடா, அந்த முகத்தில் எவ்வளவு நிம்மதி. "அத்தன வளைவும் சுத்தாம தப்பிச்சேனுங்க சாமி" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸுக்கென்று கொண்டுவந்த மிளகுப் பையை என் கையில் கொடுத்தாள். மறுத்தால் வருத்தப்படுவாளே என்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வலிப்பு வந்துவிட்டது. மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது. வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை.

ஆராய்ச்சிக்கு ஒரு குறையும் வரவில்லை. கவனிக்காமல் விட்ட பிரஷர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எது? பரிசுக் குழு அந்தப் பகுதியைத்தான் தனியாகப் பாராட்டியது.

மேடையில் தேன்மொழி உடைந்துவிட்டாள். "அக்கா பாதி வழியில எறங்கிட்டாங்க. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலீங்க. நான் கூடப் போயிருக்கணும். என்ற தப்புத்தானுங்க" என்று அழுதாள்.

அரங்கத்தில் நான்தான் முதலில் கைதட்டினேன். பிள்ளைகளை ஊக்கப்படுத்த யாராவது வேண்டுமே.