அதே குரல், சின்னதாக

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி கடகடக்கிறது, ஐயா. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். சத்தமே எனக்கு ஆகாது என்பதல்ல. குறையுள்ள சத்தம்தான் ஆகாது.

பெட்டியைச் செய்தவனுக்குக் கைவேலை போதாது, அதனால்தான் மாடியறை தீப்பிடித்தது என்று, விசாரிக்க வந்தபோது என் மனைவியிடம் சொன்னீர்கள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

இறந்தவன் அவளுடைய தம்பி. எங்கள் மாடியறையில் தங்கி கிட்டார் வாசித்தான். அவனிடம் இருந்தது கண்ணாடிக் குழல் வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர். முழுச் சத்தத்தில் வால்வு மூச்சுமுட்டத் திணறினால்தான் அதில் அந்தக் கதறல் வரும். சத்தத்தைக் குறைத்தால் குரல் சப்பென்று போய்விடும். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் மனைவி என்னிடம் வந்தாள்.

"அவன் மனசு நோகாம சத்தத்த மட்டும் கொறச்சுக் குடுங்க."

நான் அதிகம் பேசமாட்டேன். அதனால் அவன் என்னை 'மியூட் மாமா' என்பான். கேலிதானே என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒருநாள் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் என் மனைவியும் அப்படிக் கூப்பிட்டாள். அன்று வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபமே வராது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு பெட்டி வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு கத்தினாலும் பெட்டி விழுங்கிக்கொண்டு துளியை மட்டும் வெளியே விடும். விழுங்கியதெல்லாம் சூடாக மாறும். ஆகவே அதற்குக் காற்று வேண்டும். எனக்குத் தெரியாததல்ல.

வாசித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அதே கொரல், சின்னதா வருது. நீங்க பெரிய ஆளு," என்றான். கண் கலங்கியிருந்தது. மியூட் இல்லாமல் வெறும் மாமா என்றதும் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எடுத்த வேலையைப் பாதியில் விடுவது என் வழக்கமில்லை.

மிச்சச் சத்தமும் வெளியே போகக் கூடாதென்று சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டினேன். கதவிடுக்கை அடைத்தேன். பெட்டியைப் பஞ்சுக்குள்ளேயே பதித்தேன். பார்க்க அழகாக இருக்கிறது என்றான்.

தீப்பிடித்த அன்று கதவு சூட்டில் இறுகிவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை. வெளித்தாழ்ப்பாளை நான் போட்டிருந்தேன். ஆள் கூடுவதற்குள் எடுத்துவிட்டேன். இடையில் கதவில் காதை வைத்துக் கேட்டேன். கிட்டார் நின்றது. பிறகு முழு மூச்சோடு கத்தினான். அடுத்த தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவது போலத்தான் இருந்தது. மாமா என்றான், ஐயா. முன்னால் எதுவும் சேர்க்கவில்லை. கீழே துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கைவேலை போதாதென்று இனி சொல்லமாட்டீர்கள்.

அன்றிலிருந்து அவள் வாய் திறப்பதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கேலிப் பெயரும் அதோடு போயிற்று. எங்களுக்குள் இப்போது ஒரு குறையும் இல்லை, ஐயா.