செம சூடு

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் பக்கத்திலிருந்த இளைஞரிடம், "மச்சான், நேத்து பாப்பாவுக்கு மத்தியான சாப்பாடுன்னு வெறும் சுடுதண்ணிய குடுத்து அனுப்பிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு நான் போனைப் பார்க்கவில்லை.

"இன்னா மாமா சொல்றீங்க?"

"உங்கக்கா ஒரு வாரம் டிரெய்னிங் போயிருக்குது இல்ல? போவும்போதே சொல்லுச்சு. ஹாட்பாக்ஸ்ல மொதல்ல சுடுதண்ணி ஊத்தி மூடி வைங்க, பத்து நிமிஷம் கழிச்சு அத கொட்டிட்டு சோத்த போடுங்க, மத்தியானம் வரைக்கும் ஆறாதுன்னு. ஊத்துனேன், மூடுனேன். அதுக்குள்ள வேன்காரன் ஹாரன் அடிச்சான். அப்படியே பையில வெச்சு ஏத்திவுட்டுட்டேன். சாம்பார் சாதம் குக்கர்லயே இருக்குது."

"அப்ப பாப்பா இன்னா சாப்புட்டுச்சு?"

"கூடப் படிக்கிற புள்ளைங்க ஆளுக்குக் கொஞ்சம் குடுத்துச்சுங்களாம். அத வுடு. சாயங்காலம் உங்கக்கா போன் பண்ணி, அப்பா குடுத்த சாப்பாடு சூடா இருந்துச்சான்னு கேக்குது. பாப்பா என்னையே பாத்துக்கிட்டு, 'செம சூடும்மா'ன்னுச்சு."

புதுச்சத்திரம் தாண்டியதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்காகிட்ட சொல்லிடாத மச்சான்."

"சொல்லல. இன்னிக்காவது சோறு வெச்சீங்களா?"

"வெச்சேன். சந்தேகத்துல நாலு தடவ தொறந்து பாத்துட்டுதான் அனுப்புனேன்."

"நாலு தடவ தொறந்தா அப்புறம் எங்க மாமா சூடு இருக்கும்?"



"பாப்பா சூடுன்னுதான் சொல்லும்."