மூன்று மொழி போர்டு

மௌலா அலி ஸ்டாப்பில் ஃபாக்டரி உடுப்போடு பஸ் ஏறிய இருவரில் ஒருவன், "சி.டி. வெடிச்சது என்னாலதான்டா," என்றான். படிக்காமலே திறந்து வைத்திருந்த பாடப்புத்தகத்தை மூடினேன்.

"கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரா? ஒயரை ஷார்ட் பண்ணாம மீட்டரைக் கழட்டினா வெடிக்கும்னு ஊருக்கே கிளாஸ் எடுப்பியே?"

"அதையேதான் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ்ல போர்டா எழுதினேன். மாட்ட இடமில்லை. மீட்டரைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்னு கழட்டினேன்."

"ஷார்ட் பண்ணாமலா?"

"ஹவ்," ஆமாம் என்று தலையாட்டினான்.

கூட்டாளி கொஞ்ச நேரம் சிரித்தான். "நாளைக்கு விசாரணைடா. உன் வேலை நிரந்தரமாகுமான்னு அதுலதான் தெரியும். எச்சரிக்கை போர்டு இருந்ததான்னு முதல்ல கேப்பாங்க."

"இருந்தது," என்றான் இவன். "என் கையில."