இரண்டும் உள்ளே போயின

உட்கார்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை, ஐயா. கூடைப்பந்து கோர்ட்டின் ஓரத்தில் நின்றபடியே பேசிப் பேசிப் பழகியவன். நாற்காலியில் உட்கார்ந்தால் வார்த்தை வராது. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் இப்படி ஜன்னலோரமாக நின்றுகொள்கிறேன். டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள். பேப்பரில் நாலு வரி போட்டிருந்தார்கள். பயிற்சியின்போது கூடைப்பந்து மாணவி மூச்சுத்திணறி மரணம் என்று. அந்த நாலு வரியில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் முக்கியமான விஷயமும் இல்லை. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு கேட்கவில்லை.

பெண்கள் கல்லூரியில் நான் கூடைப்பந்து பயிற்சியாளர். மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயர் உண்டு, ஒத்த பாயிண்ட் மாஸ்டர். எங்கள் டீம் மோசமான டீம் இல்லை. எப்பேர்ப்பட்ட டீமோடும் கடைசிவரை மல்லுக்கட்டும். கடைசி நிமிஷத்தில் ஒரு பாயிண்டில் கோட்டை விட்டுவிட்டு வரும். வருஷா வருஷம் இதே கதைதான். ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் பிரின்சிபால், "மாஸ்டர், பேசாம முப்பது பாயிண்ட்ல தோத்துடுங்களேன். நாங்களும் பாதியிலயே எழுந்து வீட்டுக்குப் போயிடுவோம்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "தோத்தது தோத்ததுதானே. ஒண்ணா இருந்தா என்ன, நூறா இருந்தா என்ன, சாப்பிட வாங்க" என்றாள் என் மனைவி. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதற்கப்புறம் ஆட்டத்தைப் பற்றி அவளிடம் நான் பேசுவதை விட்டுவிட்டேன்.

நெருக்கமான ஆட்டம் எங்கே தீர்மானமாகிறது தெரியுமா? ஃப்ரீ த்ரோ கோட்டில். எதிராளி உங்கள் ஆளை இடித்துவிட்டால் நடுவர் விசில் அடித்து உங்களுக்கு இரண்டு வாய்ப்பு தருவார். குறுக்கே யாரும் வர மாட்டார்கள். பந்து கையில், வளையம் எதிரில். பயிற்சியில் தூக்கக் கலக்கத்தில்கூடப் போடுவார்கள். அதையே கடைசி நிமிஷத்தில் கேளுங்கள், கை வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிடும். அந்த நடுக்கத்தைப் பழக்க வழியில்லை. ஏனென்றால் பயிற்சியில் அந்த நடுக்கமே வராது.

நான் செய்யாததில்லை. ஸ்பீக்கரில் கூட்டத்தின் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தி தவறவிட்டால் எல்லோரும் கோர்ட்டைச் சுற்ற வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே சுற்றினார்கள். ஸ்டாஃப் ரூமில் திட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குத் திட்ட வராது, ஐயா. கையை ஓங்கியதும் கிடையாது. என்னிடம் படித்த எந்தப் பெண்ணையும் கேட்டுப்பாருங்கள், மாஸ்டர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை என்றுதான் சொல்வாள்.

அந்தச் சகோதரிகள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவளை டீமே அக்கா என்று கூப்பிடும், தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நல்ல உயரம், அமைதி. பந்து அவள் சொன்னபடி கேட்கும். சின்னவளுக்கு வாலு என்று பெயர். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை, ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், வாய் ஓயாது. ஆட்டம் சுமார்தான். அக்காவைச் சேர்த்தபோது கூடவே வந்தவள். இரண்டு பேருக்கும் விளையாட்டுப் பிரிவில்தான் கல்லூரியில் இடம். வருஷா வருஷம் நான் கையெழுத்துப் போட்டால்தான் அந்த இடமும் ஹாஸ்டலும் தொடரும்.

அவர்கள் அம்மா துணி தைக்கிறவர். சேர்க்கிற அன்றைக்கே வந்து என்னைத் தனியாகப் பார்த்தார். "சின்னவளுக்கு வீசிங் இருக்கு, மாஸ்டர். அளவா ஓடினா ஒண்ணுமில்ல. அதிகமாச்சுன்னா இழுக்க ஆரம்பிச்சிடும். உடனே மருந்து அடிக்கணும். ரொம்ப முத்திப்போச்சுன்னா மருந்த உள்ள இழுக்கக்கூட அவளுக்கு மூச்சு இருக்காது" என்றார். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு இன்ஹேலரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அவகிட்ட இருந்தா எங்கயாவது போட்டுட்டு வந்துடுவா. உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களத்தான் நம்பியிருக்கேன்."

நான் வாங்கிக்கொண்டேன். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம், மற்றவர்கள் போன பிறகு, அக்கா ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தாள். வாலு வழக்கம்போல அக்காவை வம்புக்கு இழுத்துக்கொண்டு நின்றாள். போய் நாலு சுற்று ஓடு என்றேன். ஓடியவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்து என் பையில் இருந்தது. பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. நான் அதோடு போராடிக்கொண்டிருந்தபோது தற்செயலாக அக்காவைப் பார்த்தேன். பந்தைப் பிடித்தபடி கோட்டில் நின்றாள். அவள் முழங்கால் நடுங்கியது. விரல்கள் பந்தின் மேல் தடுமாறின. அத்தனை வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த கடைசி நிமிஷம் அது. என் கண் முன்னால், ஒரு வெறும் பயிற்சி நாளில், வந்து நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துப் பிரயோஜனமில்லை.

"போடு" என்றேன். போட்டாள், தவறியது. "இன்னொண்ணு" என்றேன். விழுந்தது. ஜிப்பும் திறந்துகொண்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதானே வந்தேன். ஜிப் சிக்கவில்லை, ஐயா.

அதற்கப்புறம் அதை ஒரு பயிற்சியாகவே வைத்துக்கொண்டேன். மற்றவர்களை அனுப்பிவிட்டு நாங்கள் மூன்று பேர் மட்டும். வாலு கோர்ட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடுவாள். அக்கா அடுத்தடுத்து இரண்டு பந்தை உள்ளே போட வேண்டும். போட்டால் தங்கை நிற்கலாம், மருந்து கிடைக்கும். ஒன்று விழுந்து ஒன்று தவறினால் முதலிலிருந்து. அவ்வளவுதான் விதி. ஒரு நிமிஷத்தில் முடிகிற சமாசாரம். முடிப்பது அக்காவின் கையில் இருந்தது, என் கையில் இல்லை.

வாலு இதையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். "அக்கா, நான் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு போட்டுடு" என்று ஓடிக்கொண்டே கத்துவாள். அக்கா சிரிக்க மாட்டாள். ஒருமுறை என்னிடம் தனியாக வந்து, "எனக்குப் பதிலா அவ எதுக்கு மாஸ்டர்? நான் ஓடறேன், எவ்வளவு வேணாலும் ஓடறேன்" என்றாள். நீ ஓடினால் உனக்குக் களைப்புதான் வரும்மா, பயம் வராது என்று பொறுமையாக விளக்கினேன். அடுத்த வருஷக் கையெழுத்தைப் பற்றியும் ஞாபகப்படுத்தினேன். மிரட்டவில்லை. அவள் புத்திசாலி, புரிந்துகொண்டாள். அம்மாவிடம் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

பலன் கிடைத்ததா என்று கேளுங்கள். அந்த வருஷம் எங்களை யாராலும் கடைசி நிமிஷத்தில் அசைக்க முடியவில்லை. ஒரு பாயிண்டில் ஜெயித்தோம், இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம். ஆட்டத்தின்போது நான் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டேன். அக்கா கோட்டுக்குப் போனதும் பாக்கெட்டிலிருந்து அந்த இன்ஹேலரை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். வாலு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருப்பாள். அக்கா வளையத்தைப் பார்க்கும் முன் ஒருதரம் என் கையைப் பார்ப்பாள். அப்புறம் போடுவாள், இரண்டும் விழும். பார்க்கிறவர்கள் ஏதோ ராசிக்காக வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். ஒரு நிருபர்கூட, "கையில என்ன மாஸ்டர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பொறுமை என்றேன். அதையே தலைப்பாகப் போட்டார். பிரின்சிபால் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு ஸ்டாஃப் ரூமில் மாட்டினார். அதே ஸ்டாஃப் ரூம்தான்.

ஃபைனலுக்கு முந்தின நாள் விஷயம்தான் உங்களுக்கு வேண்டும். அரையிறுதியில் பந்து பட்டு அக்காவின் விரல் வீங்கியிருந்தது. நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரியும். நானேதான் கட்டுப் போட்டுவிட்டேன். வீங்கிய விரலோடுதான் மறுநாள் ஆட வேண்டும், வீங்கிய விரலோடுதான் பழக வேண்டும் என்று நினைத்தேன். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று விழும், ஒன்று தவறும். மறுபடி ஒன்று விழும், ஒன்று வளையத்தில் பட்டுத் தெறிக்கும். வாலு முதலில் கத்திக்கொண்டு ஓடினாள். பிறகு கத்தாமல் ஓடினாள். பிறகு நடந்தாள். அவளுடைய இழுப்புச் சத்தம் காலி கோர்ட்டில் நன்றாகக் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திரும்மா என்றேன். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்கா பந்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "மாஸ்டர், குடுங்க."

"ரெண்டு போட்டுட்டு வாங்கிக்கோ."

"அவளால முடியல மாஸ்டர். பாருங்க, உதடு நீலமாயிடுச்சு. உங்க கால்ல விழறேன், குடுத்துடுங்க."

நிஜமாகவே குனிந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். காலில் விழுந்து எழ நேரமாகும், அந்த நேரத்தில் பந்தைப் போட்டுவிடலாம் என்று எடுத்துச் சொன்னேன். என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள். கையை மேலே தூக்கிக்கொண்டேன். நான் அவளைவிட உயரம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன பார்த்தாளோ, திரும்பிப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டில் நின்றாள்.

முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. வளையத்தைத் தொடவே இல்லை, ஐயா, இரண்டும் வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்கின. வீங்கிய விரல், கண்ணில் தண்ணீர், தரையில் தங்கை. அப்படியொரு ஃப்ரீ த்ரோவை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் கொஞ்ச நேரம். அக்கா வந்து என் கையைத் தட்டிய பிறகுதான் மருந்தின் ஞாபகம் வந்தது.

மருந்து உள்ளே போகவில்லை. இழுக்க அவளிடம் மூச்சு இல்லை. அப்படி ஆகும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு விசாரிக்க வந்த உங்கள் ஆள் முதலில் எழுதியிருந்தார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அவள் அம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அது பலித்தது. ஒன்றும் ஆகாது என்று நானோ அக்காவோ நினைத்திருந்தால் அந்த நடுக்கம் வந்திருக்காது.

அக்கா உங்களிடம் என்ன சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும். "அவ தானாத்தான் ஓடினா. நான் முதல்லயே ரெண்டு போட்டிருந்தா பிழைச்சிருப்பா. நான்தான் அவளக் கொன்னேன்" என்று சொன்னாளாம். நல்ல பெண், யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முழுப் பழியையும் அவளே சுமப்பது சரியில்லை. மருந்து என் கையில் இருந்தது, நான் கொடுக்கவில்லை. வாலுவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அந்த அம்மாவை வெளியே வராந்தாவில் பார்த்தேன். நான் மருந்தைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டினார். என்னிடம் அது இல்லை, உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுதும்போது அந்தக் கடைசி இரண்டு பந்தையும் விட்டுவிடாதீர்கள். பேப்பரில் அதுதான் இல்லை, அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஃபைனலை ரத்து செய்து கோப்பையை எதிர் டீமுக்கே கொடுத்துவிட்டார்கள், வாலுவுக்கு மரியாதை என்று. என்ன மரியாதை அது? மறுநாள் அக்காவை ஆடவிட்டிருந்தால், ஒரு பாயிண்டிலாவது நாங்கள்தான் ஜெயித்திருப்போம்.