ஐந்தாம் நிரல்

காலைப் படகில் போனால் வயிறு பிரட்டாது, ஐயா. நெடுந்தீவுக் கடல் மத்தியானத்துக்குப் பிறகுதான் குழம்பும். முதல் தடவை வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்வது என் வழக்கம். விசாரணைக்காக நீங்களும் ஒருநாள் அந்தப் பக்கம் வரத்தான் வேண்டும் என்பதால் உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் மேர்வின். குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் பதினெட்டு வருடமாகப் பயணிகள் படகு ஓட்டுகிறேன். படகு என் சொந்தப் படகு. சுக்கான் பிடிப்பதும் நான்தான், இஞ்சின் பார்ப்பதும் நான்தான். பின்பக்கத்தில் இஞ்சினுக்கு நேர் மேலே ஒரு பலகை, அதுதான் என் இருக்கை. பயணிகள் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு முன்பக்க வாங்குப் பலகைகளில் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பயணியைக்கூடக் கடலில் விட்டதில்லை. போன வெள்ளிக்கிழமையும் விடவில்லை, கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான்.

உங்கள் மேசையில் இருக்கும் பதிவுப் புத்தகம் என்னுடையது. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் 'நீளம்' என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் இருப்பதைக் காட்டி, இரண்டாவதை யாரை மிரட்டி எழுதுவித்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் அந்த நிரல் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

படகில் ஏறுகிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், பயணத்தின் காரணம் என்று நான்கு நிரல்கள்தான் முன்பு இருந்தன. ஐந்தாவதை நான்தான் கோடு போட்டுச் சேர்த்தேன். தலைப்பு: கருத்து.

என்னோடு படித்த பரமலிங்கம் இலண்டனில் இருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன் திருவிழாவுக்கு வந்தபோது எனக்கு ஒரு சீடி தந்தார். ஐம்பது வருடத்துக்கு முன் நான்கு ஆங்கிலேயர்கள் சேர்ந்து செய்த றொக் இசையாம். சாதாரண றொக் இல்லை, மூளையால் செய்தது, உலகத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதைப்பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள் என்றார். அட்டையில் கடலுக்குள் இறங்கிப்போகும் ஒரு படிக்கட்டு. மொத்தமே நான்கு பாட்டு, ஐம்பத்திரண்டு நிமிடம். தந்த கையோடு ஒரு வார்த்தையும் சொன்னார்.

"மச்சான், உது உங்கட சனத்துக்கு ஏறாது. உதைக் கேக்கிறதுக்கு ஒரு இது வேணும்."

'உங்கட சனம்' என்றாரே, அதுதான் எனக்குச் சுட்டது. அவருடைய தகப்பனாரும் இதே தீவில் பனங்காணி வைத்திருந்தவர். தீவாருக்கு ஏறாது என்பதை நான் எப்படி ஒப்புக்கொள்வது? எங்கள் பயணம் ஒரு மணித்தியாலம். சீடி ஐம்பத்திரண்டு நிமிடம். பிள்ளையாருக்கு அளந்த மோதகம் மாதிரி இருந்தது. படகில் சீடி போடுகிற செற் ஒன்றைப் பூட்டினேன். சனத்தின் கருத்தைப் புத்தகத்தில் வாங்கி, ஞாயிறு தோறும் பரமலிங்கத்துக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டத் தொடங்கினேன். இரண்டு வருடமாக அவர் எடுப்பதில்லை. வேலை அதிகம் என்று நினைக்கிறேன்.

நான் ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஐந்தாம் நிரல் நிரம்பும்வரை இறங்குபலகையைப் போடமாட்டேன், வேறொன்றும் செய்ததில்லை. எழுத விருப்பமில்லாதவர்கள் படகிலேயே இருக்கலாம். அப்படி இருந்து, திரும்பவும் நெடுந்தீவுக்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

கருத்துகளை நீங்களே வாசித்துப் பாருங்கள். எங்கள் சனத்துக்கு மூளை இல்லை என்று பிறகு யாரும் சொல்லமாட்டார்கள். ஆடு மாடு வளர்க்கும் சூசைப்பிள்ளை அண்ணை, 'ஆடு அசைபோட்டது' என்று எழுதியிருக்கிறார். கருவாடு விற்கும் அன்னமுத்து அக்கா முதற் பாட்டு முடியும் நேரத்தில், 'பாட்டு எப்ப தொடங்கும்?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். மருத்துவத் தாதி நிலாந்தி, 'தலையிடி இல்லாதவர்களுக்கு உகந்தது' என்றார். ஒரு கிராம அலுவலர் 'பார்வையிட்டேன்' என்று எழுதி, கையொப்பமும் வைத்து, முத்திரையும் குத்தியிருக்கிறார். இதற்கு மேல் ஒரு கலைக்கு என்ன வேண்டும்?

சனத்துக்கு வடிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காகச் சில வசதிகள் செய்தேன். காற்றுச் சத்தத்தைத் தடுக்கப் பக்கப் படங்குச் சீலைகளை இறக்கிக் கட்டினேன். வெயில் காலத்தில் இரண்டொருவர் மயங்கினார்கள், தண்ணீர் தெளித்ததும் எழும்பிவிட்டார்கள். பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கு இடம் போதாமல் உயிர்காப்பு அங்கிகளை எடுத்துக் கீழறைக்குள் போட்டுப் பூட்டினேன். நீரோட்டம் வாய்த்து வேகமாகப் போய்விட்டால், கடைசிப் பாட்டு முடியும்வரை இறங்குதுறைக்கு வெளியே இரண்டு வட்டம் அடிப்பேன். பாதியில் நிறுத்துவது பாட்டுக்காரர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

இனி லோஜனா ரீச்சர். வேலணையில் இருந்து நெடுந்தீவுக்குத் தினமும் வந்துபோகும் விஞ்ஞான ஆசிரியை. நான்கு வருடத்துக்கு முன், முதல் நாள், ஐந்தாம் நிரலில் அவர் எழுதியதை நீங்கள் பார்க்கவேண்டும். 'நன்றாக இருக்கிறது. இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருக்கிறது.' அழகான எழுத்து. ஐயா, அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். தீவில் ஒருவருக்கு ஏறிவிட்டது. அதுவும் படித்த ஒருவருக்கு.

எங்கள் வீடுகளில் புட்டு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நீத்துப்பெட்டியில் இருந்து கோப்பையில் இன்னொரு பங்கு புட்டு விழும். அதுதானே முறை. ரீச்சர் இன்னொரு தடவை கேட்டார், நான் போட்டேன். போகும்போதும் போட்டேன், வரும்போதும் போட்டேன். அதற்கு முன் கிழமையில் இரண்டு நாள்தான் போடுவேன். அவருக்காகத்தான் ஒவ்வொரு நாளும் ஆக்கினேன். நான்கு வருடத்தில் ஆயிரத்து நானூறு தடவைக்கு மேல் வரும். ஒவ்வொரு நாளும் 'நன்று' என்று எழுதினார். பதினோராம் நிமிடத்தில் எல்லா முதுகும் ஒருதரம் தூக்கிப்போடும், அது மேளம். அதற்குப் பிறகு ஓகன் வாத்தியம் வருமாம். அந்த இடத்தில் ரீச்சரின் தலை மட்டும் மெல்ல மெல்ல ஆடும். அதைப் பின்னாலிருந்து பார்ப்பதற்காகவே நான் படகு ஓட்டினேன் என்றும் சொல்லலாம். தப்பாக எடுக்கவேண்டாம். அவருக்கு என் மகளின் வயது.

வெள்ளிக்கிழமை அவருடைய கடைசிப் பயணம். வேலணையிலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கிடைத்திருந்தது. அன்று பின்னேரம் கல்வி அலுவலகம் பூட்ட முன் விடுவிப்புக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு என்று நெடுந்தீவுத் துறையிலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றார். நாலு வயது மகள் எழும்ப முன் வீட்டை விட்டுப் புறப்படுகிற சீவியம் இன்றோடு முடிந்தது என்று சிரித்தார். கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சுவர் மணிக்கூடு, கழுத்தில் வாடின மாலை. ஏறும்போதே புத்தகத்தை வாங்கி ஐந்து நிரலையும் நிரப்பிவிட்டார். கேட்டுவிட்டு எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

'நீளம்.'

பாதிக் கடல் வரைக்கும் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். கோபம் வரவில்லை. மனது நொந்தது, அது உண்மை. அந்தப் பொம்பிளைப் பிள்ளை இறங்கிப்போனால் இனி இந்தப் படகில் ஏறப்போவதில்லை, அந்தச் சொல் அப்படியே நின்றுவிடும். பிறகுதான் எனக்கு நியாயம் விளங்கியது. பாவம், நான்கு வருடமும் அவர் இஞ்சின் இரைச்சலோடுதானே கேட்டிருக்கிறார்? இரைச்சல் இல்லாமல் ஒரு தடவை கேட்டால் கருத்து மாறும். அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது என் கடமை.

இஞ்சினை நிறுத்தினேன். டீசல் போகும் சின்னப் பைப்பைக் கழற்றி இடுப்புச் சாரத்துக்குள் சொருகிக்கொண்டேன். முன்னுக்கு வந்து, பைப் வெடித்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று அறிவித்துவிட்டு, சீடியை முதலிலிருந்து போட்டேன். ரீச்சருக்கு எதிர் வாங்கில் நானும் இருந்தேன்.

சூசைப்பிள்ளை அண்ணைக்கு மூக்குக் கூர்மை. தன்னுடைய கிடாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"மேர்வின், பைப் வெடிச்சா டீசல் மணக்கவேணுமே. இஞ்ச கிடாய்தான் மணக்குது."

"மணம் பிறகு வரும் அண்ணை. நீங்கள் பாட்டைக் கேளுங்கோ."

அவர் என்னையும் புத்தகத்தையும் ரீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, நீர் அதில என்ன எழுதினனீர்?"

"நீளம் எண்டு எழுதினனான்."

"ஐயோ பிள்ளை. அதை வெட்டிப்போட்டு நல்லதெண்டு எழுதிவிடும். நாங்கள் கரை சேருவம்."

நான் யாரையும் தூண்டவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சனம் தானாகத்தான் ரீச்சரிடம் கெஞ்சத் தொடங்கியது. அன்னமுத்து அக்கா பேனையைக் கையில் திணித்தார். ரீச்சர் வாங்கவில்லை.

"மேர்வின் அண்ணை, நாலு வருஷமா நான் பொய் எழுதினனான். இண்டைக்கு ஒருநாள்தான் உண்மை எழுதியிருக்கிறன். அதை வெட்ட ஏலாது."

"ரீச்சர், இன்னொருக்காக் கேக்கவேணும் எண்டு முதல்நாள் எழுதினது நீங்கள்தானே?"

"அது மரியாதைக்கு எழுதினது அண்ணை. மரியாதைக்கு எழுதினதை ஆரும் நாலு வருஷம் பிடிச்சுக்கொண்டு நிப்பினமே?"

"ஓகன் வாற இடத்தில தலையாட்டுவீங்களே."

"அது நித்திரை தூங்கி விழுந்தது."

படகு தென்மேற்காக இழுபட்டுக்கொண்டிருந்தது. வாந்தி எடுக்கிறவர்கள் எடுத்தார்கள். சூசையம்மா என்ற மூதாட்டி, நெஞ்சு நோவென்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டவர், பின்பக்க வாங்கில் படுத்திருந்தார். கரையில் அம்புலன்ஸ் அவருக்காக நின்றதாம். நிலாந்தி, இவருக்கு மூச்சு வாங்குகிறது, சத்தத்தையாவது குறை என்று கத்தினார். மூன்றாவது பாட்டு அமைதியானது என்பது எல்லோரும் எழுதியிருக்கிற விடயம், கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். மூன்று தடவை முழுமையாகப் போட்டேன். நிலாந்தி கூரையில் ஏறிச் சிக்னல் பிடித்து அறிவித்து, கடற்படை வந்து கட்டி இழுத்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடம்.

சூசையம்மா இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை என்று சொன்னீர்கள். அவருடைய ஐந்தாம் நிரல் வெறுமையாக இருக்கிறது. அவசரமில்லை, குணமானதும் எழுதட்டும். ரீச்சர் போகும்போது அலுவலகம் பூட்டியிருந்தது, அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்றும் அறிந்தேன். எனக்கு உண்மையிலேயே வருத்தம். படகு என் கைக்குத் திரும்பக் கிடைத்தால் அவருக்கு முன்பக்க வாங்கை ஒதுக்கிக் கொடுப்பேன்.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது 'நீளம்'. யாரையும் மிரட்டி எழுதுவித்தது இல்லை, ஐயா. பக்கத்தின் அடியில், பயணிகளுக்குக் கீழே, முதல் நிரலைப் பாருங்கள். மேர்வின் என்றுதான் இருக்கும். கையெழுத்தும் என்னுடையது.

என் வீட்டில் சீடி போடுகிற பெட்டி இல்லை. படகில் என் இருக்கை இஞ்சினுக்கு மேலே. அது ஓடும்போது காதுக்குள் வந்து கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. ஐந்து வருடமாக அந்தப் பாட்டுகளை நான் முதுகுகளைப் பார்த்தும், புத்தகத்தை வாசித்தும்தான் அறிந்தேன். வெள்ளிக்கிழமை, நடுக்கடலில், இஞ்சின் நின்ற பிறகுதான் முதல் தடவையாகக் காதால் கேட்டேன்.

முதற் பாட்டின் இருபத்திரண்டாம் நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது, ரீச்சர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பொய் எழுதக் கூடாது என்பதால் நானும் அதையே எழுதினேன். பைப் என் சாரத்துக்குள் இருந்தது. திருப்பிப் பூட்ட ஐந்து நிமிடம் போதும். பூட்டினால் நாலு மணிக்கு முன் கரை, அம்புலன்ஸ், அலுவலகம் எல்லாம் சரி. ஆனால் ரீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பைப்பை எடுத்துக் கடலில் போட்டுவிட்டு, சீடியைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டேன்.