ஈரக் காம்பு

மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். சிலர் விரலால் தட்டிப் பார்ப்பார்கள், சிலர் எடை போடுவார்கள், நக்கிப் பார்க்கிறவர்கள்கூட உண்டு. நான் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். உள்ளே ஈரம் இருந்தால், எத்தனை நாள் வெயிலில் கிடந்த கட்டையானாலும் கன்னத்தில் சில்லென்று படும். காய்ந்த கட்டை அப்படிப் படாது. இருபத்தாறு வருடமாகக் கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் சுத்தியலுக்கும் காம்பு போடுகிறேன். என் கன்னம் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை, ஐயா.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் ஏட்டு எழுதிவைத்திருக்கிற காகிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. ‘காம்பு போட்டவர் ஈரமான மரம் என்று கவனிக்காமல் போட்டுவிட்டார்’ என்று எழுதியிருக்கிறார். மரவாடிக்காரரும் அதைத்தான் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். “பாவம், வயசாயிடுச்சு, முன்ன மாதிரி மரம் பாக்க வரல அவருக்கு” என்கிறாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கவனிக்காமல் போடவில்லை. கவனித்துத்தான் போட்டேன். அதைச் சொல்லத்தான் நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் தங்கைக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தலை பின்னிவிட்டதிலிருந்து எல்லாம் நான்தான். அவளுக்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை அவளிடம் இரண்டு மூன்று தடவைக்கு மேல் சொல்லிக் காட்டியதில்லை. முப்பத்து மூன்று வயதுவரை என் வீட்டில்தான் இருந்தாள். பிறகு, பின்தெருவில் பேக்கரி வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டாள். அவள் ஆசைப்பட்டாள், நான் முன்னால் நின்று நடத்திவைத்தேன்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அங்கே விறகு அடுப்பு. தினமும் விடிந்ததும் பின்முற்றத்தில் அவர் விறகு பிளப்பார், இவள் கட்டையை ஒவ்வொன்றாக நிறுத்திக் கொடுப்பாள். பிறகு இரண்டு பேருமாக அடுப்படியில் நிற்பார்கள். அவள் முழங்கை வரைக்கும் சூடு பட்ட தழும்பு. என் வீட்டில் இருந்தவரை அவள் கையில் வெந்நீர் தெறிக்கக்கூட விட்டதில்லை. ஒருநாள் கேட்டேன். “தழும்பா? இது எங்க கடை முத்திரை அண்ணா” என்று சிரித்தாள். என்னால் அவளோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

காம்பு உடைந்த கோடாலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாப்பிள்ளை நல்ல கட்டையாகப் போடச் சொன்னார். வேறு என்னவோகூடச் சொன்னார். தங்கை கைப்பையைத் திறந்து என் வீட்டுச் சாவியை எடுத்து வேலைமேஜைமேல் வைத்தாள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் அவளிடமே இருந்த சாவி அது.

“இத நீயே வச்சுக்கோ அண்ணா. சும்மா என்கிட்ட கிடந்து தொலைஞ்சிடப் போகுது. என் ரூம்ல மரம் அடுக்கிக்கோ, உனக்குத்தான் இடம் பத்தலையே.”

சரிம்மா என்றேன். சாவியை ஆணியில் மாட்டினேன்.

அவர்கள் போனபின் பரணிலிருந்து ஒரு கட்டையை இறக்கினேன். நான்கு வருடம் நிழலில் காய்ந்தது. இரண்டு முனைக்கும் மெழுகு பூசி, வெடிப்பு விடாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். கணு இல்லை, நார் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தது போல ஓடும். எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்க மனம் வராத கட்டை. இன்னொன்று அந்த வாரம் மரவாடியிலிருந்து வந்தது. மழையில் வெட்டிய மரம், உள்ளே சாறுகூட வற்றவில்லை. இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று பட்டதை எடுத்துக்கொண்டேன்.

ஈர மரம் இழைக்கச் சுகமாக இருக்கும். சீவல் நீளநீளமாக, அறுபடாமல் வரும். கோடாலித் தலையை இறுக்கி ஆப்பு அடித்தேன். மேலாக அனல் காட்டி மூன்று தடவை எண்ணெய் பூசியதும், பார்க்கிற யாரும் பத்து வருடக் கட்டை என்றுதான் சொல்வார்கள். ஈர மரம் காயக் காயச் சுருங்கும். இன்றைக்கு இறுகியிருக்கிற தலை ஒரு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். மாப்பிள்ளை கோடாலியை அடுப்புச் சுவரில் மாட்டுகிறவர் என்பதால் இன்னும் சீக்கிரம். தலை கழன்று போக முப்பத்தைந்து நாள் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று யாருக்கும் தெரியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகும். விடிந்ததும் அவர்கள் மதில் பக்கம் போய் நின்றுகொள்வேன். வெட்டுச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு வெட்டாக எண்ணுவேன். சத்தம் முடிந்தால்தான் வீட்டுக்கு வருவேன். வந்தாலும் எந்த வேலையிலும் கை ஓடாது. இரண்டு சுத்தியல் காம்பைக் கோணலாக இழைத்துக் குப்பையில் போட்டேன்.

பத்தொன்பதாம் நாள் சத்தத்தில் ஒரு கடகடப்பு சேர்ந்தது. உள்ளே போனேன்.

“தலை லேசா ஆடுது மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “கொண்டு வரலாம்னு இருந்தேன்.”

“இதுக்குப் போய் அலைவானேன். ராத்திரி பூரா தண்ணியில போட்டு வைங்க, இறுகிடும்.”

இறுகும், இரண்டு நாளைக்கு. பிறகு முன்னைவிட அதிகமாகச் சுருங்கும். எங்கள் தொழிலில் இது தெரியாதவர் கிடையாது. மாப்பிள்ளை ரொட்டி சுடுகிறவர், அவருக்கு எப்படித் தெரியும்?

தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏன் இப்படித் துரும்பா இளைச்சிட்ட? நாளையிலேர்ந்து இங்க வந்து சாப்பிடு அண்ணா. நானே வந்து இழுத்துட்டு வரணுமா?” என்று சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அதை முழுக்கச் சாப்பிட்டேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். அன்றே பரண் கட்டையை எடுத்து இன்னொரு காம்பு போட்டேன். அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மறுநாள் சாயங்காலம் அவர்கள் வாசல் கேட்டு வரைக்கும் போனேன். மாற்றிக் கொடுத்துவிட்டு வருவதென்றால் கால்மணி நேர வேலை. உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று சொல்லவில்லை. கேட்டில் கையை வைத்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன். அந்தக் காம்பு இதோ, இந்தச் சாக்கில் இருக்கிறது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு மரம் பார்க்க வருமா வராதா என்று உங்களுக்கே தெரியும்.

முப்பத்து நான்காம் நாள் நடந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஏழு வெட்டுக் கேட்டது. எட்டாவது கேட்கவில்லை. பிறகு மாப்பிள்ளை கத்துவது கேட்டது. ஓடினேன். அவர் வெறும் காம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர்மேல் ஒரு கீறல்கூட இல்லை. தங்கை விறகு பிளக்கிற அடிக்கட்டைக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். நெற்றியில் பட்டிருந்தது. நான் மடியில் தூக்கி வைத்தபோதே உயிர் இல்லை.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு அடுப்பு மூட்டவில்லை. “நான்தான் தண்ணியில போட்டேன், நான்தான் கொன்னேன்” என்று ஒரே பேச்சு. நானும் அவரைத் தேற்றிப் பார்த்தேன். உங்க தப்பு இல்ல மாப்பிள்ளை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அடிபடட்டும் என்று நான் நினைத்தது அவரை. அவளை அந்த அடுப்பிலிருந்து மீட்டுக்கொண்டு வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். அவள் ரூமில் ஒரு குச்சிகூட அடுக்கவில்லை. கட்டிலைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தேன், நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

கோடாலியை ஓங்கி இறக்கும்போது தலை கழன்றால் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டீர்கள். முன்பக்கம். பிடித்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். தொழிலுக்கு வந்த முதல் வருடமே தெரிந்துகொள்கிற விஷயம்.

அன்று பட்டறையில் மாப்பிள்ளை வேறு என்ன சொன்னார் என்றும் கேட்டீர்கள். “இருக்கிறதுலயே நல்லா காஞ்ச கட்டையா பாத்துப் போடுங்க மச்சான். எதிர்ல நிக்கிறது உங்க தங்கச்சி” என்றார். அவள் பக்கத்தில் நின்று சிரித்தாள். அப்புறம்தான் சாவியை எடுத்து வைத்தாள். அவர்கள் போன பிறகுதான் நான் இரண்டு கட்டையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆனாலும் நான் நினைத்தது மாப்பிள்ளையைத்தான். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.