சீமைச் சுரைக்காய் காய்ச்ச ஊடு

இல்லீங்கம்மா, நீங்க கையை வெக்காதீங்க. பொண்ணு குடுக்கலாமான்னு ஊடு பாக்க வந்தவங்களைக் காய் அரிய விட்டேன்னு தெரிஞ்சா, பெரியவங்க என்னைத்தான் அரிவாங்க. அவங்க உங்க ஊட்டுக்காரருக்குக் காட்டைச் சுத்திக் காட்டிட்டு வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருங்க. வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாங்க. எனக்கும் பேச வராதுங்க, கூச்சம்.

இதுவா? சீமைச் சுரைக்காய்ங்க. மூலையில குமிச்சிருக்கறதும் அதுதான். பரண் மேல இருக்கறதும் அதுதான். தூளியில கெடக்கறது மட்டும் கொழந்தை. ஆமாங்க, என்னுதுதான். தாய் ஊட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கறேன்னு சொன்னாங்களாக்கும்? சரிங்க. பெரியவங்க சொன்னாச் சரிதான்.

எப்படி வந்துச்சுன்னா, மாப்பிள்ளை காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவுல செடிக்குத் தண்ணி ஊத்தறாருல்ல, துரைசானி ஒரு கை வெதை குடுத்தாங்க. சாமை வெதைக்கற காடு முச்சூடும் இதையே ஊனிட்டாரு. பிஞ்சுல பறிக்கணும்னு சொல்லித்தான் குடுத்தாங்களாம். கைக்கொழந்தை இருக்கற ஊட்டுல பிஞ்சைக் கிள்ளுனா ஆகாதுன்னு பெரியவங்க தொட விடலை. அது முத்தித் தடிச்சு, ஒவ்வொண்ணும் ஒலக்கையாட்டம் ஆயிப்போச்சு. துரைசானிக்கு ஒண்ணைத் தூக்கிட்டுப் போனதுக்கு, இது என்ன மிருகம்னு கேட்டாங்களாம்.

சோறா? சாமை எங்கீங்க இருக்குது, காட்டுலதான் இது நின்னுச்சே. காலையில கூட்டு, மத்தியானம் மொளகு தட்டிப் போட்டுக் கொழம்பு, பொழுது சாஞ்சா அதே கொழம்புல புதுசா நாலு துண்டு. உங்க பொண்ணுக்குப் பல்லு கெட்டிங்களா? சும்மாதான் கேட்டேன். வத்தல் போட்டா, இந்த மேகத்துல காயறதுக்குள்ள பூசணம் பூத்துருதுங்க.

பங்களாவுல ஐஸ் பெட்டின்னு ஒண்ணு இருக்குதாம். காய் அதுக்குள்ள மாசக்கணக்குல கெடாதாம். சேலத்துல இருந்து ஐஸ் கட்டியை மரத்தூள்ல பொதிஞ்சு ஆளுங்க தலைச்சுமையா ஏத்திட்டு வருவாங்க. மேல வந்து சேர்றப்ப ஈரச் சாக்குதான் மிச்சம். துரைசானி அந்தச் சாக்கையே பெட்டிக்குள்ள வெச்சுச் சாத்துவாங்களாம்.

அதைப் பாத்துட்டு வந்த மாப்பிள்ளை, நம்ம ஆத்துத் தண்ணியை விடவா ஐஸ் குளுருதுன்னு, மூங்கில் கூடையில காயை ரொப்பி, மேல கல்லை வெச்சு ஆத்துல எறக்கிட்டாரு. ஐப்பசி மழைங்க. கூடையோட போயிருச்சு. கீழ ஊர்க்காரங்க மடுவுல காய் மெதந்து வர்றதைப் பாத்து, அம்மன் அனுப்புன கனின்னு மேளம் அடிச்சு, குங்குமம் வெச்சுப் படையல் போட்டிருக்கறாங்க. போட்டவங்க சும்மா இருந்தாங்களா? ஒறமொறைக்கெல்லாம் பிரசாதம் குடுத்தனுப்புனாங்க. நம்ம ஊட்டுக்கும் ஒரு கூடை வந்துச்சு. வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? கண்ணுல ஒத்திக்கிட்டு அதையும் கொழம்பு வெச்சேன்.

இத்தனையும் அரிய ஒருத்தி கை பத்தலைங்க. துரைசானிக்குன்னா ஒரு பெட்டி வாங்குனாங்க. நம்ம ஊட்டுல பொண்ணு பாக்கறாங்க.

ஐயோ, மாப்பிள்ளையைக் கொறை சொல்லலீங்கம்மா. நல்லவருதான். குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு, அம்மா பேச்சைத் தட்ட மாட்டாரு. என்ன சொன்னாலும் தட்ட மாட்டாரு, அதான்.

பேருங்களா? தெரியாம என்னங்க, தெரியும். நீங்க பெரியவங்களையே கேட்டுக்கங்க. என் வாயில வராது. கூடப் பொறந்தவன் பேரைச் சொல்ல என்ன கூச்சம்னு கேக்கறீங்களா? கூடப் பொறந்தவனா இருந்தா மலை கேக்கக் கூப்பிடுவேனுங்க. புருசன் பேரை எந்தப் பொம்பளை வாய்விட்டுச் சொல்லுவா?

எந்திரிக்காதீங்க, தண்ணியாச்சும் குடிங்க. உங்க பொண்ணைத் தர வேண்டாம்னு சொல்ல நான் யாருங்க? இந்த ஊட்டுல இன்னொரு பாய் விரிக்க எடமில்லைன்னுதான் சொல்ல வந்தேன். நீங்களே பாருங்க, எங்க திரும்புனாலும் காய்தான்.

ஆ, வந்துட்டாங்க. வாரேனுங்க அத்தை, தூளி ஆட்டிட்டிருக்கறேன்! ஏனுங்கம்மா, உங்க காலைப் புடிச்சுக்கறேன், நான் ஒண்ணும் சொல்லலீங்க, அவங்க கேட்டா, அந்தப் புள்ள வாயே தொறக்கலை, தொறந்தாலும் காயைப் பத்தித்தான்…